இணைய வரைபடத்தில் சுட்டுக்குறிப்பு
அகநானூற்றுத் திணைப் பகுப்பை எடுத்துக்காட்டாகக் கொண்ட விளக்கம்

1. முன்னுரை

இலக்கியத்தை எண்ணிக்கையான் ஆராயும் முறை இன்று பல்கலைக்கழகங்களிற் பரவி வருகின்றது. சொற்களின் வருகை, திணைகளின் பகுப்பு, புலவர்தம் பாடல் தொகை ஆகியவற்றை வரைபடமாக்கி இணையப் பக்கங்களில் வெளியிடுதலும் பெருகியுள்ளது. அவ்வரைபடங்கள் பலவற்றில், மௌஸ் எனப்படும் சுட்டியை ஒரு பட்டையின்மீது கொண்டுசென்ற அளவிலேயே ஒரு சிறு பெட்டி தோன்றி, அப்பட்டை குறிக்கும் பெயரையும் எண்ணையும் கூறும். சுட்டியை அகற்றின் பெட்டியும் மறையும். இதனைச் ‘சுட்டுக்குறிப்பு’ என ஈண்டு வழங்குவோம். இஃது எவ்வாறு இயங்குகின்றது, ஜாவாஸ்கிரிப்ட் மொழியால் இதனை அமைக்கும் நெறி யாது, இதனை எங்குக் கொள்ளுதல் தகும், எங்குத் தகாது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது என் பிழையே. சில ஆண்டுகட்கு முன்னர் ஒரு கருத்தரங்கில் அகநானூற்றின் திணைப் பகுப்பைப் பட்டை வரைபடமாக்கிக் காட்டினேன். ஐந்து பட்டைகள், அவற்றின்மேல் எண் எதுவும் பொறிக்கவில்லை, சுட்டியை வைத்தால் எண் தோன்றும். கண்டோர் பாராட்டினர். அவையில் பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவரும் இருந்தார். அதே பக்கத்தைத் தம் கணினியில் திறந்து வைத்திருந்த அவர், “ஐயா, என் கணினி இதனைப் ‘படம்’ என்று மட்டுமே படிக்கின்றது. பாலைப் பாட்டு எத்தனை?” என்று வினவினார். விடை இருநூறு என்பதே. அவ்வொரு சொல்லை யான் பக்கத்தில் எழுதியிருப்பின் அவ்வினா எழுந்திராது. பின்னர் அக்கட்டுரை அச்சேறியபோதும் எண்ணற்ற வெறும் பட்டைகள் ஐந்தே தாளில் நின்றன. குறை கருவியினுடையதன்று, அதனை இடமறியாது பயன்படுத்திய என்னுடையதாகும்.

2. வரலாறு

எண்களைப் பட்டையாக வரையும் முறை பழைமையானதன்று. 1786ஆம் ஆண்டில் வில்லியம் பிளேஃபேர் என்பார் இலண்டனில் வெளியிட்ட வணிக, அரசியல் விளக்கப்படத் தொகுதியில், ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைப் பட்டைகளாக வரைந்து காட்டினார். பட்டை வரைபடத்தின் தொடக்கமாக அறிஞர் கொள்வது அதனையே. சுட்டியோ அதனினும் மிகப் பிற்பட்டது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பாரின் ஆய்வுக்குழுவில் 1964இல் அதன் முதல் வடிவம் மரத்தாற் செய்யப்பெற்றது; 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பலரும் காணக் காட்டப்பெற்றது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995இல் பிரெண்டன் ஐக் என்பார் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆக்கினார். கோடும் கட்டமும் வட்டமும் ஆகிய வடிவங்களைச் சொல்லால் எழுதி உலாவியை வரையச் செய்யும் எஸ்.வி.ஜி. முறை 2001இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. தரவையும் இவ்வடிவங்களையும் பிணைக்கும் ‘டி3’ என்னும் நிரல் தொகுதி 2011இல் வெளிவந்தது.

இவ்வளர்ச்சிக்குரிய கொள்கையை வகுத்தவருள் பென் ஷ்னைடர்மன் குறிப்பிடத்தக்கவர். முதற்கண் முழுமையைக் காட்டுக, அடுத்து வேண்டிய பகுதியை நெருங்கிக் காணவும் வேண்டாதவற்றை விலக்கவும் வழி செய்க, விவரத்தை வேண்டும்போது மட்டும் தருக என்பது 1996இல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்து. சுட்டுக்குறிப்பு அம்மூன்றாம் படியைச் சார்ந்தது என்க. விவரம் கேட்பார்க்குரியது, முழுமை எல்லார்க்கும் உரியது. முழுமையையே சுட்டுக்குறிப்பினுள் மறைத்தல் முறையன்று என்பது இதனாற் பெறப்படும்.

3. எடுத்துக்காட்டுக்குரிய தரவு

அகநானூற்றின் நானூறு பாடல்களும் ஒரு நெறிப்படத் தொகுக்கப்பெற்றவை. ஒற்றைப்படை எண்ணுடையன யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்து, இருபது, முப்பது என வருவன நெய்தல். எனவே பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் ஒவ்வொன்றும் 40 ஆகும். நூல் மூன்று பகுதிகளை உடையது: 1 முதல் 120 வரை களிற்றியானை நிரை, 121 முதல் 300 வரை மணிமிடை பவளம், 301 முதல் 400 வரை நித்திலக்கோவை.

இத்தரவை இருவகையாக வரையலாம். ஒன்று, ஐந்து பட்டைகள் கொண்ட வரைபடம். இதற்குச் சுட்டுக்குறிப்பு வேண்டுவதில்லை. ஐந்து எண்களையும் பட்டைகளின் தலைமேலேயே எழுதிவிடலாம். யான் இழைத்த பிழை ஈண்டே உளது. மற்றொன்று, ஒவ்வொரு பாடலையும் ஒரு கட்டமாக வரையும் படம். வரிசைக்கு இருபது கட்டமாக இருபது வரிசைகள் அமைப்பின் நானூறு கட்டங்கள் ஒரு சதுரமாகும். இருபது என்பது பத்தின் மடங்காதலின், மேலிருந்து கீழாகச் செல்லும் ஒவ்வொரு நிரலும் ஒரே திணையின் நிறமாய் நிற்கும். களிற்றியானை நிரை ஆறு வரிசைகளோடும், மணிமிடை பவளம் பதினைந்தாம் வரிசையோடும் சரியாக முடியும். தொகுத்தார் கொண்ட நெறி ஒரு நோக்கிற் கண்ணுக்குப் புலனாகும். எனினும் நானூறு கட்டங்களுள்ளும் பாடல் எண், திணை, பகுதி ஆகியவற்றை எழுத இடமில்லை. இவ்விடத்தேதான் சுட்டுக்குறிப்புக்கு உண்மையான வேலை உண்டு.

4. கட்டங்களை அமைத்தல்

இணையப் பக்கம் மூன்று மொழிகளால் இயல்வது. எச்.டி.எம்.எல். பக்கத்தின் உறுப்புகளைக் கூறும், சி.எஸ்.எஸ். அவற்றின் தோற்றத்தைக் கூறும். ஜாவாஸ்கிரிப்ட் அவற்றின் செயலைக் கூறும். எஸ்.வி.ஜி. வடிவங்களும் எச்.டி.எம்.எல். உறுப்புகளைப் போலவே உலாவியால் தனித்தனியே அறியப்படுவன. ஆகவே ஒவ்வொரு கட்டமும் சுட்டியின் வருகையைத் தானே உணரும் ஆற்றலுடையது. ‘கேன்வாஸ்’ என்னும் பிறிதொரு முறையில் வரைந்த படமோ வண்ணப் புள்ளிகளின் பரப்பு மட்டுமே. அதிற் சுட்டுமுனை எக்கட்டத்தின்மேல் உளது என்பதை நாமே கணக்கிட்டறிதல் வேண்டும். பல்லாயிரம் வடிவங்களை வரைவார்க்குக் கேன்வாஸ் ஏற்றது. நானூறு கட்டங்கட்கு எஸ்.வி.ஜி.யே போதும்.

கட்டம் ஒன்றின் பக்கம் 24 அலகு எனக் கொள்வோம். பாடல் எண்ணில் ஒன்றைக் கழித்து இருபதால் வகுத்தால், ஈவு வரிசையையும் மீதி நிரலையும் தரும். 138ஆம் பாடலை எடுத்துக்கொள்க. 137ஐ இருபதால் வகுப்பின் ஈவு 6, மீதி 17. ஆகவே கட்டத்தின் கிடைத்தொலைவு 17 × 24 = 408; மேலிருந்து தொலைவு 6 × 24 = 144. எண் எட்டில் முடிதலின் திணை குறிஞ்சி. 121க்கும் 300க்கும் இடைப்படுதலின் பகுதி மணிமிடை பவளம். இவ்வாறு ஒன்று முதல் நானூறு வரை சுழலும் ஒரு சிறு நிரல், எல்லாக் கட்டங்களையும் தானே வரைந்துவிடும். வரையும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் அதன் பாடல் எண்ணை ஒரு தரவுப் பண்பாகப் பொறித்து வைத்தல் வேண்டும். பின்னர்ச் சுட்டப்படுங்கால் அக்கட்டம் தன்னை இன்னதென அறிவித்தற்கு அதுவே அடையாளமாகும்.

கட்டங்களுக்கிடையே வெற்றிடம் விடுதல் நன்றன்று. சுட்டுமுனை வெற்றிடத்தைக் கடக்குந்தோறும் குறிப்பு மறைந்து தோன்றும். இடைவெளி வேண்டின், கட்டங்களை ஒட்டியே வரைந்து, அவற்றிற்கு வெள்ளை நிற விளிம்பு தீட்டுக. தீட்டிய விளிம்பும் கட்டத்தின் உறுப்பாகவே உலாவியாற் கொள்ளப்படும்.

5. நிகழ்வைக் கேட்டல்

சுட்டியின் அசைவுகளை உலாவி ‘நிகழ்வு’களாக அறிவிக்கின்றது. ஓர் உறுப்பின்மேல் சுட்டுமுனை வந்தால் ‘மௌஸ்ஓவர்’, நீங்கினால் ‘மௌஸ்அவுட்’ என்பன அவற்றின் பெயர்கள். சுட்டி, எழுதுகோல், விரல் ஆகிய மூன்றற்கும் பொதுவாகப் பின்னர் வகுக்கப்பட்ட ‘பாயிண்டர்ஓவர்’, ‘பாயிண்டர்அவுட்’ என்னும் நிகழ்வுகளைக் கொள்ளுதல் இன்று சிறந்தது. எந்தக் கருவி நிகழ்வை எழுப்பியது என்பதையும் அவை உடன் தெரிவிக்கும். நிகழ்வு எழுங்கால் நாம் எழுதிய செயற்கூறு ஒன்றை அழைக்குமாறு பணித்தலே ‘ஆட்இவெண்ட்லிசனர்’ என்னும் கட்டளையின் பணி.

நானூறு கட்டங்கட்கும் நானூறு கேட்பான்களை அமைத்தல் வேண்டுவதில்லை. பாயிண்டர்ஓவர் நிகழ்வு, எழுந்த உறுப்பில் நின்றுவிடாது, அதனைத் தன்னகத்தே கொண்ட உறுப்புகள்தோறும் மேலேறிச் செல்லும் இயல்புடையது. ஆதலின் வரைபடம் முழுமைக்கும் ஒரே கேட்பானை அமைத்து, நிகழ்வு எக்கட்டத்திற் பிறந்தது என அதனிடமே கேட்டறியலாம். ‘மௌஸ்எண்டர்’, ‘பாயிண்டர்எண்டர்’ என்பன இவ்வாறு மேலேறா. ஆகவே இம்முறைக்கு அவை உதவா. இவ்வேறுபாட்டை அறியாமையால் மயங்குவார் பலர்.

கட்டம் இன்னதெனத் தெரிந்தபின், அதன் பாடல் எண்ணைப் படித்து, திணையையும் பகுதியையும் கணக்கிட்டு, குறிப்புப் பெட்டியில் எழுதிக் காட்டுதல் வேண்டும். எழுதுங்கால் ‘டெக்ஸ்ட்கண்டெண்ட்’ என்னும் வழியைக் கொள்க. ‘இன்னர்எச்டிஎம்எல்’ என்னும் வழி, எழுத்தை எழுத்தாகக் கொள்ளாது பக்கக் கட்டளையாகக் கொள்ளும். பிறர் தொகுத்த தரவிற் கோணல் அடைப்புக்குறி ஒன்று இருப்பினும் பெட்டி சிதையும்; தீய கட்டளை புகுதற்கும் இடமாகும்.

6. பெட்டிக்கு இடம் காணல்

பெட்டியைச் சுட்டுமுனையின் இடத்திலேயே வைப்பின் ஓர் இடர் நேரும். பெட்டி சுட்டுமுனைக்குக் கீழ் வந்தமையால், சுட்டுமுனை கட்டத்தை நீங்கியதாக உலாவி கருதும், பெட்டி மறையும், மறைந்ததும் சுட்டுமுனை மீண்டும் கட்டத்தின்மேல் இருப்பதாகும், பெட்டி மறுபடியும் தோன்றும். இவ்வாறு பெட்டி இமைப்பொழுதும் நிலையாது துடிதுடிக்கும். இதற்குரிய காரணத்தைக் காணாது நாட்கணக்கில் இடருற்றோர் உளர்.

பெட்டியைச் சுட்டுமுனைக்கன்றிக் கட்டத்திற்குப் பக்கத்தில் வைத்தலே தீர்வாகும். ‘கெட்பௌண்டிங்கிளையண்ட்ரெக்ட்’ என்னும் கட்டளை, கட்டம் திரையில் எங்கு உளது என்பதை உலாவியிடமே கேட்டுச் சொல்லும். நாம் வரைந்தபோது கொண்ட எண்களை நம்புதல் தகாது. 480 அலகாக வரைந்த படம் சிறு திரையில் 320 படப்புள்ளிகளாகச் சுருங்கின், 408 என நாம் எழுதிய தொலைவு 272 ஆகிவிடும். கட்டத்தின் வலப்புறத்தே பெட்டிக்கு இடமில்லையேல் இடப்புறத்தே வைக்குமாறும் நிரலை எழுதுதல் வேண்டும். பெட்டியின் அகலத்தைக் குறுக்கி வரையறுத்தலும் கூடாது. ‘களிற்றியானை நிரை’ போன்ற தொடர் ஆங்கிலச் சொற்கேற்ப வகுத்த அகலத்தில் அடங்காது.

மறைத்தலிலும் பொறுமை வேண்டும். சுட்டுமுனை நீங்கியவுடன் மறைக்காது, ஒரு நொடியிற் பத்தில் மூன்று பங்கு அளவு தாழ்த்து மறைப்பின், படிப்பவர் சுட்டுமுனையைப் பெட்டியின்மேல் கொண்டுசெல்லவும், அங்குள்ள எழுத்தை நெருங்கிக் காணவும் இயலும். அதற்குள் அடுத்த கட்டத்தையோ பெட்டியையோ சுட்டுமுனை அடைந்துவிடின், மறைக்கும் ஆணையை விலக்கிவிடுக.

7. சுட்டி இல்லார் திறத்து

மேற்கூறியவை யாவும் சுட்டியைக் கையாளுவோர்க்கே உரியன. ஏனையோர் மூவகையர்.

முதலாவார், கைப்பேசியிற் படிப்போர். விரலுக்குத் ‘தொடாது மேல் நிற்றல்’ இல்லை. தொடுங்கால் எழும் பாயிண்டர்ஓவர், விரலை எடுத்தவுடன் பாயிண்டர்அவுட்டாக முடிந்துவிடும். குறிப்பைப் படிக்க நேரமிராது. எனவே விரலால் எழுந்த அவ்விரு நிகழ்வுகளையும் விட்டு, ‘கிளிக்’ நிகழ்வாற் பெட்டியைத் திறந்து, பிறிதோரிடத்தைத் தொடும்வரை நிறுத்துக. கட்டம் சிறுத்தலும் கூடாது. 2023இல் வெளியான இணைய அணுகுமைத் தரம், தொடுதற்குரிய உறுப்பின் அளவாகப் பொதுவாக 24 × 24 படப்புள்ளிகளை வேண்டுகின்றது. 320 படப்புள்ளிகளாகச் சுருங்கிய நம் படத்திற் கட்டம் 16 படப்புள்ளியே ஆகும். ஆகவே சிறு திரையில் வரிசைக்குப் பத்துக் கட்டமாக மாற்றி வரைக. அகலம் 240 படப்புள்ளிகளே ஆகும். திணை நிரல்கள் பிறழா. பகுதிகளும் 12, 30, 40 ஆம் வரிசைகளோடு சரியாகவே முடியும்.

இரண்டாமவர், விசைப்பலகையால் மட்டும் இயக்குவோர். கை நடுக்கம் உடையோர் இவருட் பலர். நானூறு கட்டங்களையும் ‘டேப்’ விசைக்கு உரியனவாக்கின், படத்தைக் கடக்க நானூறு முறை அழுத்த நேரும். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் டேப் விசைக்கு உரியதாக்கி, அதிலிருந்து அம்புக்குறி விசைகளால் நகரச் செய்க: வலப்புறம் ஒன்று கூட்டுக, கீழ்நோக்கி இருபது கூட்டுக. கட்டம் கவனம் பெறுங்கால் எழும் ‘ஃபோகஸ்’ நிகழ்வு, சுட்டி அழைக்கும் அதே செயற்கூற்றையே அழைக்கும். விசைப்பலகையில் சுட்டுமுனையின் இடம் என ஒன்றில்லை. பெட்டியைக் கட்டத்தின் இடத்தான் வைக்கவேண்டும் என்றமைக்கு இது பிறிதொரு காரணம். ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் பெட்டி மறைதலும் வேண்டும். 2018இல் வெளியான அணுகுமைத் தரம், இவ்வாறு தோன்றும் குறிப்பு விலக்கத்தக்கதாகவும், அதன்மேற் சுட்டுமுனை செல்லத்தக்கதாகவும், தானே மறையாது நிற்பதாகவும் இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது.

மூன்றாமவர், திரைப்படிப்பான் கொண்டு செவியாற் படிப்போர். ஒவ்வொரு கட்டத்திற்கும் ‘ஏரியா-லேபல்’ என்னும் பண்பில் “138, குறிஞ்சி, மணிமிடை பவளம்” என எழுதிவைக்க. முழு வரைபடத்தையும் ஒரே படம் என அறிவித்துவிடின் உள்ளிருக்கும் கட்டங்கள் படிப்பானுக்குப் புலப்படா. அன்று அம்மாணவரின் கணினி ‘படம்’ என்று மட்டுமே கூறி அமைந்தது இதனாலேயே. எனினும் நானூறு கட்டங்களைச் செவியாற் கேட்டு எண்ணுதல் யார்க்கும் அரிது. ஆகலின் வரைபடத்தின் கீழ் ஓர் அட்டவணையும் தருதல் இன்றியமையாதது. நம் தரவுக்குரிய அட்டவணை வருமாறு:

களிற்றியானை நிரை (120): பாலை 60, குறிஞ்சி 24, முல்லை 12, மருதம் 12, நெய்தல் 12.
மணிமிடை பவளம் (180): பாலை 90, குறிஞ்சி 36, முல்லை 18, மருதம் 18, நெய்தல் 18.
நித்திலக்கோவை (100): பாலை 50, குறிஞ்சி 20, முல்லை 10, மருதம் 10, நெய்தல் 10.

நிறத்தை மட்டும் நம்புதலும் கூடாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதார்க்குப் பாலையும் மருதமும் ஒன்றாய்த் தோன்றலாம். நிரல்களின் தலையில் ‘பா, கு, பா, மு, பா, ம, பா, கு, பா, நெ’ எனத் திணையின் முதலெழுத்தைப் பொறித்துவிடின் அக்குறை நீங்கும்; அச்சிலும் படம் பொருள் தரும்.

8. முடிவுரை

மூலமும் உரையும் நமக்குப் புதியன அல்ல. நல்லுரை மூலத்தை விளக்கும், மூலத்தை மறைக்காது. உரையைக் காணாதாரும் மூலத்தைப் படிக்கலாம். வரைபடத்திற்கும் சுட்டுக்குறிப்பிற்கும் உள்ள உறவும் அத்தகையதே. இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகள் மூன்று: எழுத இடமுள்ளதைச் சுட்டுக்குறிப்பில் மறைத்தல் ஆகாது, இடமில்லாத விவரத்திற்கே அதனைக் கொள்ளுதல் வேண்டும், அங்ஙனம் கொண்டதையும் சுட்டி, விரல், விசைப்பலகை, செவி ஆகிய நான்கு வழியானும் எய்துமாறு அமைத்தல் வேண்டும்.

ஆய்வுலகிற்கு இஃது அலங்காரச் செய்தியன்று. ஒரு கருத்தை நிறுவ வரைபடம் காட்டுவோர், அதற்குரிய சான்றையும் காட்டும் கடன் உடையர். சான்று சுட்டியைப் பிடித்தோர்க்கு மட்டுமே வெளிப்படின், ஏனையோர் நம் முடிபை ஆராய இயலாது, நம்ப மட்டுமே இயலும். ஆராய்ச்சி நம்பிக்கையை வேண்டுவதன்று. பாலைப் பாட்டு எத்தனை என வினவிய அம்மாணவர் வேண்டியதும் சலுகையன்று. என் கூற்றை எண்ணிப் பார்த்தற்குரிய உரிமையே ஆகும். இப்பொழுது அப்பக்கத்தில் ஐந்து பட்டைகளின் தலையிலும் எண்கள் நிற்கின்றன. நானூறு கட்டங்களும் தம் எண்ணையும் திணையையும் கேட்பார்க்கெல்லாம் கூறுகின்றன.